முகாம் விருந்துக்குப் போகும்முன்

கேள்வி: என் நாத்தனார் வீட்டுக்காரர் குளுவாங் மக்கோத்தா இராணுவ முகாமில் சார்ஜனாக இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை இரவு அங்கே நடக்கும் ‘மாலாம் மெஸ்ரா’ குடும்ப விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் தோட்டத்து ஆட்கள். எந்தப் புடவை கட்டுவது, கையில் என்ன கொண்டுபோவது?

– வாசகி, குளுவாங், மலேசியா

பதில்: புடவையைப் பிறகு பார்ப்போம், சகோதரி. சிக்கலெல்லாம் காவல் வாசலில்தான். இராணுவ முகாம் தடைசெய்யப்பட்ட இடம். அதற்கென்றே 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வேலியில் தொங்கும் சிவப்புப் பலகையில் தமிழிலும் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். எனவே வருகிற எல்லோருடைய பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வண்டி எண் மூன்றையும் இன்றே நாத்தனார் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ஐசியில் உள்ள பெயர்தான் வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர் அங்கே உதவாது. 12 வயது ஆகாத பிள்ளைகளுக்கு மைகிட் எனும் சிறுவர் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றிக்கொண்டால் அவன் ஒருவனுக்காக வண்டியே வெளியே நிற்கும்.

வாசலை நெருங்கும்போது பெரிய விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்குங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். இன்னொன்று: தோட்டத்து வண்டிகளில் பாராங் கத்தியோ குலை வெட்டும் அரிவாளோ சீட்டுக்கடியில் கிடப்பது சகஜம். கிளம்பும் முன் எடுத்து வீட்டில் வையுங்கள். வாசலையும் வண்டிகளையும் கட்டடங்களையும் படம் பிடிக்காதீர்கள். மண்டபத்துக்குள் மற்றவர்கள் எடுத்தால் நீங்களும் எடுக்கலாம்.

இப்போது உடுப்பு. பட்டோ பருத்தியோ, நம் புடவை தாராளமாகப் போதும். பஞ்சாபி உடையும் சரி. ஆண்களுக்கு நீளக்கை பாத்தேக் (பத்திக் துணி) சட்டை, முழுக்கால் சட்டை, ஷூ. ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) கூடாது. பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கிய செலோரெங் (இராணுவச் சீருடை போன்ற திட்டுத்திட்டான) சட்டை இருந்தால் அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

எட்டரைக்கு என்று போட்டிருந்தால் எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். தெத்தாமு கெஹோர்மாத் (முக்கிய விருந்தினர்) வந்தபின் நுழைவது மரியாதைக் குறைவு. அவர் வரும்போதும் நெகாராகூ தேசிய கீதத்துக்கும் எழுந்து நில்லுங்கள். டோஆ (முஸ்லிம் பிரார்த்தனை) ஓதும்போது அமைதியாக இருந்தால் போதும். அதிகாரிகளை ‘துவான்’, அவர்கள் மனைவிமாரை ‘புவான்’ என்று அழையுங்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. ‘டாகிங்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது மாட்டிறைச்சி. ரெண்டாங் கறிப் பாத்திரத்தில் கரண்டி போடும் முன் ‘ஆயாமா (கோழியா), டாகிங்கா?’ என்று கேட்டுவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சைவம் என்றால் இப்போதே நாத்தனாரிடம் சொல்லிவையுங்கள். வீட்டில் சுட்ட முறுக்கை விருந்து மேசைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஹலால் பற்றிய தயக்கத்தில் தட்டு அப்படியே திரும்பும், உங்களுக்கும் மனசு கஷ்டம். பழக்கூடையோ ஹலால் முத்திரையுள்ள பிஸ்கட் டின்னோ போதும்.

முக்கிய விருந்தினர் கிளம்பியபின் நீங்கள் எழலாம். வாசலில் ஐசியை வாங்கிக்கொண்டு பாஸ் கொடுத்திருந்தால், திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் அவசரத்தில் அதுதான் விட்டுப்போகும். மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு அதே வாசலுக்கு வர வேண்டியிருக்கும்.