சுண்டெலிக்குக் குணமாகிவிட்டது, அப்பாவுக்கு எப்போது?

கேள்வி: என் அப்பாவுக்கு ஹண்டிங்டன் நோய். கைகால்கள் தானாக ஆடுகின்றன, கோபமும் கூடிவிட்டது. எலிகளுக்கு இந்த நோய் குணமாகிவிட்டதாகச் செய்தி படித்தேன். மனிதர்களுக்கு எப்போது வரும்? நான் இப்போதே மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: முதலில், எந்த வகைச் சுண்டெலி என்று அந்தச் செய்தியில் பாருங்கள். அதிகம் பயன்படுவது, 1996-இல் லண்டனில் ஜில்லியன் பேட்ஸ் குழு உருவாக்கிய ஆர்6/2 வகை. நோய்க்குக் காரணமான மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். அது 40 தடவையைத் தொட்டாலே மனிதருக்கு நோய் வரும்; ஆனால் பெரும்பாலும் நடுவயதில்தான். சுண்டெலி வாழ்வதோ இரண்டு மூன்று வருடம். அதற்குள் நோயைப் பார்க்க வேண்டும் என்பதால், மனித மரபணுவின் முதல் துண்டை மட்டும் ஏறக்குறைய 150 தடவையோடு புகுத்தினார்கள். இரண்டே மாதத்தில் நடை தடுமாறுகிறது. வாலைப் பிடித்துத் தூக்கினால் நல்ல எலி பின்னங்கால்களை விரிக்கும். இந்த நோயுள்ள எலியோ அவற்றை வயிற்றோடு இறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவு வேகமாக முற்றும் நோயில் பலித்த மருந்து உங்கள் அப்பாவுக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. சுண்டெலியில் பலன் தந்த கிரியேட்டின் என்ற சத்துப்பொருள், மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் பலிக்கவில்லை. மரபணுவின் புரதத்தைக் குறைக்கும் டோமினர்சன் ஊசி ஆய்வையும் 2021-இல் பாதியில் நிறுத்தினார்கள்.

அதற்காகச் சுண்டெலி ஆய்வு வீண் என்று நினைக்காதீர்கள். 2000-இல் ஒரு குழு, மருந்து கொடுத்தால் அணைந்துவிடும்படி அந்த மரபணுவைச் சுண்டெலியில் வைத்தது. நோய் வந்தபிறகு அணைத்தும், மூளையில் சேர்ந்த புரதக் கட்டிகள் மறைந்தன, அசைவும் தேறியது. வந்த பாதிப்பும் ஓரளவு திரும்பும் என்று காட்டியது அதுதான். என் நம்பிக்கையும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அப்பாவின் சிகிச்சையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். கைகால் ஆட்டத்தைக் குறைக்க டெட்ராபெனசின் என்ற மருந்து இருக்கிறது. அது மனச்சோர்வைக் கூட்டலாம் என்பதால், அவர் மனநிலையை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கோபமும் நோயின் பகுதிதான், அதற்கும் மருந்து உண்டு.

உங்களுக்கு இந்த மரபணு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு. அறிகுறி இல்லாதவரை சோதனைக்கு அவசரமில்லை. நோய் வராமல் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. திருமணம், குழந்தை பற்றி முடிவெடுக்கத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றினால் செய்யலாம். வேண்டாம் என்பதும் சரியான முடிவுதான். எப்படியானாலும், நேராக ஆய்வகத்துக்குப் போய் ரத்தம் கொடுக்காதீர்கள். முதலில் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். அப்பாவின் மரபணு அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். அவருடைய சிஏஜி எண்ணிக்கை அதில் இருக்கும்.