சோபா நகர்த்தத் தனிக்காசு கேட்கலாமா?

கார்பெட் கழுவப் போன வீட்டில் சோபாவை நகர்த்த 40 டாலர் தனியாகக் கேட்டதும் வாடிக்கையாளர் முகம் சுளித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் கனடாவின் ஸ்கார்பரோவில் இதே கார்பெட் கழுவும் வேலைதான். கேட்டது தவறில்லை, வாசலில் நின்று கேட்டதுதான் தவறு. போனில் விலை பேசும்போதே "அறை காலியாக இருக்குமா, சாமான்கள் இருக்குமா?" என்று கேட்டு, இரண்டுக்கும் இரண்டு விலை சொல்லிவிடுங்கள்.

சோபா, நாற்காலி, சின்ன மேசையெல்லாம் என் அறை விலைக்குள்ளேயே அடக்கம். கட்டில், டிவி, மீன்தொட்டி, பியானோ பக்கம் கையே வைக்க மாட்டேன். அவற்றைச் சுற்றித்தான் கழுவுவேன். கட்டிலுக்கு அடியில் யார் நடக்கப் போகிறார்கள்? ஒருமுறை துணி நிறைந்த அலுமாரியைத் தனியாளாகத் தள்ளப்போய்க் கால் முறிந்தது (அலுமாரியின் கால்தான்). வாங்கிய கூலியைவிடப் பழுதுபார்த்த செலவு அதிகம்.

அப்புறம், ஈரக் கார்பெட்டில் எதையும் அப்படியே திருப்பி வைக்காதீர்கள். மரக்காலின் சாயம் இறங்கும், இரும்புக்கால் துருக்கறை விடும். இரண்டும் லேசில் போகாது. ஒவ்வொரு காலுக்கும் கீழே பிளாஸ்டிக் துண்டோ அலுமினியத் தாளோ வையுங்கள். நன்றாகக் காயும்வரை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காற்றோட்டம் குறைந்த வீட்டில் ஒரு நாள்கூட ஆகும்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் வாசித்துப் பாருங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு (வேலையில் பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கானது) இருந்தாலும், நீங்கள் கையில் எடுத்து நகர்த்தும் பொருளின் சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. பழைய கீறல் ஏதும் இருந்தால், தொடுவதற்கு முன்பே போனில் படம் எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள்.