சாராள் கேஸ்: ஆளை அனுப்பிட்டா பங்கும் போயிடுமா?

வாசகி கேள்வி: சார், பைபிள் படிக்கிறப்ப சாராளை நினைச்சா பாவமா இருக்கு. பிள்ளை இல்லாம ஏங்கி, வேலைக்காரி ஆகாரை தானே புருஷன் ஆபிரகாமுக்கு குடுத்தாங்க, அவ கர்ப்பமானதும் இவங்களையே அலட்சியமா பாத்தா. 90 வயசுல ஈசாக்கு பிறந்து, பால் மறந்த விருந்துல ஆகார் மகன் இஸ்மவேல் கேலி பண்றான். ரெண்டு பேரையும் துரத்திட்டா சொத்து ஈசாக்குக்குதானே? சாராள் உங்ககிட்ட வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

பதில்: அலட்சியம், கேலி எல்லாம் மனசுக்கு வலிக்கும்மா, கேஸுக்கு உதவாது, விடுங்க. ஆபிரகாம் அந்தப் பையனை என் பிள்ளைன்னு ஏத்துக்கிட்டாரா இல்லையா, அது ஒண்ணுதான் பாயிண்ட். மெசபடோமியால 'ஊர்'னு பேர் உள்ள பட்டணத்துல இருந்து வந்த குடும்பம், அதனால அந்தப் பக்கத்து பாபிலோன் ராஜா ஹம்முராபி போட்ட சட்டத்தையே எடுத்துக்குவோம். 170வது பிரிவுப்படி அடிமைப்பொண்ணு பெத்ததை அப்பன் உயிரோட இருக்கும்போதே என் பிள்ளைன்னு சொல்லிட்டா சம பங்கு, மனைவி பிள்ளை முதல்ல பொறுக்கி எடுத்துக்கலாம், சலுகை அவ்வளவுதான். இங்க இஸ்மவேல்னு பேர் வச்சதே ஆபிரகாம், 13 வயசுல விருத்தசேதனம், அதாவது சுன்னத்து, பண்ணி வச்சதும் அவர்தான். எதிர் வக்கீலுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

நான் பாத்த பார்ட்டிங்க முக்கால்வாசி பேர் விழுற குழி, கோவத்துல ஆளை வெளிய தள்ளிட்டு மேட்டர் முடிஞ்சுதுன்னு தூங்கப் போறதுதான், ஆள் போயிருவான், உரிமை அங்கேயே உக்காந்திருக்கும், பெரியவர் கண்ண மூடின மறுநாள் வாசல்ல வந்து நிப்பான். ஈராக்ல கிர்குக் பக்கம் நூசிங்கிற பழங்கால ஊர்ல கிடைச்ச களிமண் பலகை கல்யாண ஒப்பந்தம் ஒண்ணுல, மனைவிக்கு பிள்ளை இல்லன்னா அவளே புருஷனுக்கு வேற பொண்ணை கொண்டு வரணும், ஆனா அவ பெத்த பிள்ளையை வெளிய அனுப்பக்கூடாதுன்னு தனியா ஒரு வரி இருக்கு. அப்படி ஒரு வரி போட்டிருக்காங்கன்னா அதுக்கு முன்னாடி யாரோ அந்த வேலையை பண்ணியிருக்காங்கன்னுதான் நான் எடுத்துக்குவேன்.

அதனால செட்டில் பண்ணுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். ஹம்முராபிக்கும் முந்தின ராஜா லிபித்-இஷ்தார் போட்ட சட்டத்துல வழி இருக்கு, தாயையும் பிள்ளையையும் அப்பன் விடுதலை பண்ணிட்டா அந்தப் பிள்ளை பங்கு கேக்க முடியாது. சாட்சி வச்சு விடுதலைன்னு வாய்விட்டு சொல்லணும், கையில உருப்படியா ஏதாவது குடுக்கணும். காலங்காத்தால அப்பமும் ஒரு தோல் துருத்தி தண்ணியும் குடுத்து பெயெர்செபா வனாந்தரத்துக்கு அனுப்புறது செட்டில்மென்டா? தண்ணி தீந்து பையன் சாகக் கிடந்தான். பின்னாடி இன்னொரு மனைவி கேத்தூராள் பிள்ளைங்க விஷயத்துல ஆபிரகாமே உஷாராயிட்டார், உயிரோட இருக்கும்போதே நன்கொடை குடுத்து கிழக்க அனுப்பிட்டு, மிச்சம் மொத்தத்தையும் ஈசாக்குக்கு எழுதிட்டார். அதை முதல் தடவையே பண்ணுங்கன்னு சாராள்கிட்ட சொல்லியிருப்பேன், ஃபீஸ் வாங்கிட்டு.