அம்மாச்சி யானைக்குத் தந்தம் வரையாதீர்கள்

கேள்வி: நாலு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக விலங்குகளின் தாத்தா பாட்டிகளைப் பற்றி ஒரு படப் புத்தகம் எழுதினேன். துணைத்தலைப்பு 'நிஜ அதிசயங்கள்'. சிங்கத் தாத்தா பேரனுக்கு வேட்டை பழக்குகிறார். ஆமைப் பாட்டி முட்டைக்குக் காவல் இருக்கிறாள். யானைப் பாட்டி தண்ணீருக்கு வழிகாட்டுகிறாள். 'தகவல் தவறு' என்று பதிப்பகம் திருப்பிவிட்டது. குழந்தைக் கதைக்கு இத்தனை கறார் எதற்கு?
– ஒரு வாசகி, மானாமதுரை

பதில்: பதிப்பகம் செய்ததுதான் சரி. நரி பேசுகிற கதை என்றால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. நீங்கள் அட்டையிலேயே 'நிஜம்' என்று போட்டுவிட்டீர்கள். நாலு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும்.

சென்னைக் கடற்கரையில் தை, மாசியில் பங்குனி ஆமை இரவில் கரையேறும். குழி பறித்துச் சுமார் நூறு முட்டை இடும், மணலைத் தள்ளி மூடும், கடலுக்குப் போய்விடும். நாற்பத்தைந்து ஐம்பது நாள் கழித்துக் குஞ்சு வெளியே வரும்போது தாயே அங்கே இல்லை, பாட்டி எங்கிருந்து வருவாள்? சிங்கக் கூட்டத்தில் ஆணின் ஆட்சி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டோடு சரி. அடுத்து வரும் ஆண், பழையவனின் குட்டிகளைக் கொல்வதும் உண்டு. குட்டி வேட்டையைப் பார்த்துப் பழகுவது தாயிடமும் சித்தி, பெரியம்மாக்களிடமும்தான்.

யானை மட்டும் தேறுகிறது. அங்கேயும் 'பாட்டி' என்பதைத் திருத்துங்கள். யானைக் கூட்டம் என்பது தாய், மகள், மகள் வயிற்றுப் பிள்ளைகள். ஆண் கன்று பத்துப் பதினைந்து வயதில் பிரிந்துபோகும். அவனுக்குப் பிறக்கும் கன்று வேறு கூட்டத்தில் வளரும். ஆகவே கன்றோடு நிற்கும் கிழவி அம்மாச்சி. கொங்குப் பக்கம் அம்மாயி, யாழ்ப்பாணத்தில் அம்மம்மா. அப்பத்தா அந்தப் படத்திலேயே வரமாட்டாள். இதை உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம், சொல்லே சொல்லிவிடும். இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்கும்போது பொதுவாகப் 'பாட்டி' என்று எழுதுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

அம்மாச்சி பக்கத்தில் இருப்பதற்குப் பலன் உண்டா? மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளின் பதிவேடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். 20 வயதுக்குக் கீழ்ப்பட்ட தாய்க்குப் பிறந்த கன்று, அம்மாச்சி அதே இடத்தில் இருந்தால், இறக்கும் அபாயம் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது.

சிங்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர்காவை, அதாவது கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயரெடுத்த கறுப்பு வெள்ளைக் கடல் விலங்கைப் போடுங்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்து ஓர்காக்களை 1970-களிலிருந்து ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துக் கணக்கெடுத்து வருகிறார்கள். பெண் ஓர்கா சுமார் 40 வயதில் குட்டி ஈனுவதை நிறுத்திவிடும்; 80 வயதைத் தாண்டியும் வாழக்கூடும். சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னால் நீந்துவது பெரும்பாலும் இந்தக் கிழவிகள்தான். அம்மாச்சி இறந்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் பேரக்குட்டி சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு கூடுகிறது. இந்தக் கணக்கு பெரியவர்களுக்கான குறிப்புப் பக்கத்தோடு நிற்கட்டும்.

தாத்தாவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். காட்டில் தன் பேரப்பிள்ளையைத் தெரிந்து வளர்க்கும் தாத்தா மிக அரிது. தகப்பன் யாரென்றே தெரியாத கூட்டங்கள்தான் அதிகம். ஆனால் மூத்த களிறுக்கு ஒரு வேலை உண்டு. தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் தேசியப் பூங்காவில், பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த இளம் களிறுகள் வயதுக்கு முந்தி மதம் பிடித்துக் காண்டாமிருகங்களைக் கொன்றுகொண்டிருந்தன. 1998-ல் குரூகர் காட்டிலிருந்து ஆறு மூத்த களிறுகளைக் கொண்டுவந்து விட்ட பிறகு இளசுகளுக்கு மதம் அடங்கியது, கொலை நின்றது. ரத்த உறவு கிடையாது. தெருவில் போகிற முதியவரையும் தாத்தா என்கிறோமே, அந்த வகையில் எழுதலாம். 'சொந்தத் தாத்தா இல்லை' என்று ஒரு வரி இருக்க வேண்டும். காண்டாமிருகம் வேண்டாம், முரட்டுப் பையன்கள், பெரியவர் வருகிறார், காது மடங்கி நிற்கிறார்கள், போதும்.

எழுத்தைவிடப் படத்தில்தான் பிழை அதிகம் வரும். மூக்குக்கண்ணாடி, சுருக்குப்பை எல்லாம் தேவையில்லை. நம் பெண் யானைக்கு வெளியே தெரிகிற தந்தம் கிடையாது. ஓவியர் பழக்கதோஷத்தில் வரைந்துவிடுவார். வயதைக் காட்ட வேறு வழி இருக்கிறது: காதின் மேல்விளிம்பு மடிந்திருக்கும், காதிலும் துதிக்கையிலும் இளஞ்சிவப்புத் திட்டு படர்ந்திருக்கும், நெற்றிப்பொட்டு குழி விழுந்திருக்கும். ஓர்காவில், ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் முதுகுத் துடுப்பு ஆணுடையது. அம்மாச்சியின் துடுப்பு அதில் பாதி, பின்னோக்கி வளைந்தது. அதில் ஒரு சிறு வெட்டு வையுங்கள். எல்லாப் பக்கத்திலும் அதே இடத்தில் அந்த வெட்டு வந்தால் பிள்ளை விரலை வைத்துக் காட்டும்.

இனி பக்கக் கணக்கு. எட்டு ஏ4 தாளை அடுக்கி நடுவில் மடித்து, மடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடியுங்கள், 32 பக்கம் கிடைக்கும். முதல் மூன்று பக்கம் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும். 4-லிருந்து 29 வரை கதை, பதின்மூன்று இரட்டைப் பக்கம். 30, 31 பெரியவர்களுக்கான குறிப்பு. இரட்டைப் பக்கத்துக்கு இருபது சொல்லுக்கு மேல் வேண்டாம்; எழுத்தின் அளவு 18 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது. வரிக்கு வரி இடைவெளி தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் 'கீ'யோடு முட்டும். 'நீந்திக்கொண்டிருந்தபோது' மாதிரிச் சொல்லில் ஆறு வயது நாக்கு தடுக்கும், 'நீந்தினாள்' போதும்.

கேள்வி வலப்பக்கத்தில் முடிய வேண்டும், பதில் தாளைத் திருப்பினால் வர வேண்டும். 15-ஆம் பக்கத்தில்:

கடலில் மீன் இல்லை.
குட்டிக்குப் பசி.
யாருக்கு வழி தெரியும்?

திருப்பினால் 16, 17 முழுக்கக் கருநீலக் கடல், வெட்டுப்பட்ட துடுப்பு, இரண்டே சொல்: அம்மாச்சிக்குத் தெரியும்.

அந்தப் படம் அங்கேதான் வர வேண்டும். பின் அடித்த புத்தகத்தில் ஒரே தாளாக விரிவது நடுப்பக்கம் மட்டும்தான். மற்ற இடங்களில் இரண்டு பாதியும் வேறு வேறு தாளில் அச்சாகி, ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் முகம் கோணிவிடும்.

ஆமையின் இடத்துக்கு, 28, 29-க்கு, அசுவினியைச் சொல்வேன். அவரைக்கொடியில் மொய்க்கும் அதே பூச்சிதான். ஆண் துணையில்லாமலே உயிருள்ள குஞ்சாக ஈனும். பிறக்காத மகளின் வயிற்றிலேயே பேத்தி வளரத் தொடங்கியிருக்கும். பாட்டிக்குள் அம்மா, அம்மாவுக்குள் பேத்தி என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் வரைந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிடும். குறிப்புப் பக்கத்தில் இப்படிப் போடுங்கள்: எறும்பு ஏறிப்போகும் அவரைக்கொடியாகப் பார்த்து, இளந்தளிரின் அடிப்பக்கத்தைத் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.