ஆஞ்சியோ செய்த பிறகு அப்பாவுக்குக் கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.7 ஆகிவிட்டது, சிறுநீரகம் போய்விட்டதா?

இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் அலட்சியமாகவும் விடாதீர்கள். சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலே, அல்லது ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலே அதைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்றுதான் டாக்டர்கள் கணக்கில் வைப்பார்கள், அப்பாவுடையது அந்த அளவைத் தொட்டுவிட்டது.

ஆஞ்சியோவில் ரத்தக்குழாய் படத்தில் தெரிய வேண்டும் என்று செலுத்துகிற அயோடின் கலந்த சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். போகிற வழியில் அது உள்ளே இருக்கும் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, அங்குள்ள செல்களையும் நோகடிக்கும். சர்க்கரை நோயோடு ஏற்கெனவே சிறுநீரகக் குறைபாடும் இருப்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள், உடம்பில் நீர்ச்சத்து குறைந்தவர்களுக்கு இது அதிகம். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும், டயாலிசிஸ் வரை போவது அபூர்வம்.

இப்போது முக்கியமானது, மூட்டுவலிக்கு என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், கிரியேட்டினின் இறங்கும் வரை நிறுத்தச் சொல்வார். தண்ணீரையும் நீங்களாகக் குடம் குடமாகக் கொடுக்க வேண்டாம், இதயம் பலவீனமாக இருந்தால் மூச்சுத்திணறல் வந்துவிடும்.

அப்புறம், கால் விரல்களைத் தினமும் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் அது சாயத்தால் வந்ததாக இருக்காது, ஆஞ்சியோவுக்காக உள்ளே விட்ட குழாய் ரத்தக்குழாய்ச் சுவரில் உரசிப் பெயர்ந்த கொழுப்புத் துகள்கள் அடைத்திருக்கலாம். அதற்கும், சிறுநீர் குறைந்தாலும், முகம் வீங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.