விளக்கை அணைத்தார்கள், பழுது அப்படியே இருக்கிறது: டர்போ காருக்கு வாரண்டி மறுக்கப்பட்டால்

கேள்வி: குடும்பப் பயன்பாட்டுக்காக, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பொருத்திய பெட்ரோல் கார் வாங்கினேன். மூன்றாண்டு வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதமே இருக்கிறது. சில மாதங்களாக மேட்டில் ஏறும்போதும், முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் இழுவை குறைந்து செக் என்ஜின் விளக்கு எரிகிறது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மூன்று முறை விட்டேன். ஒவ்வொரு முறையும் 'சரிசெய்தாகிவிட்டது' என்று கொடுத்தார்கள். சில வாரங்களில் விளக்கு மறுபடி எரிந்தது. நான்காவது முறை போனபோது, 'டர்போவையே மாற்ற வேண்டும். நீங்கள் ஒரு தடவை வெளியே ஆயில் மாற்றியிருக்கிறீர்கள், அதுவும் தாமதமாக. ஆகவே வாரண்டி பொருந்தாது' என்கிறார்கள். ஸ்கேன் அறிக்கையைக் கேட்டால் தர மறுக்கிறார்கள். நான் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா? புதிய கார் கேட்கலாமா? வழக்கு முடிவதற்குள் வாரண்டி முடிந்துவிட்டால் என் உரிமை போய்விடுமா?

பதில்: வாரண்டி முடியும் நாள் நெருங்குகிறதே என்ற பதற்றம் உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. அதனால் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வாரண்டிக் காலத்துக்குள் தலைகாட்டிய பழுதை அந்தக் காலத்துக்குள்ளேயே நீங்கள் தெரிவித்துவிட்டால், பிறகு தேதியைக் காட்டி அவர்கள் கைகழுவ முடியாது. மூன்று முறை வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு நாளைக் கடத்தியவர்கள் அவர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 69ஆவது பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். ஆகவே நான்கு மாதத்தை எண்ணிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், இப்போது சொல்லும் இதே பழுதைத்தான் முதல் நாளும் சொன்னேன் என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். உங்கள் வழக்கின் உயிர்நாடி அதுதான்.

முதல் மூன்று ஜாப் கார்டுகளையும் (சர்வீஸுக்கு வண்டியை எடுக்கும்போது அவர்கள் எழுதித் தரும் சீட்டு) எடுத்து, 'வாடிக்கையாளர் கூறிய குறை' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். என்னிடம் வருபவர்கள் கொண்டுவரும் ஜாப் கார்டுகளில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் 'பொதுச் சோதனை' என்ற இரண்டே சொற்கள்தான் இருக்கும். செக் என்ஜின் விளக்கு பற்றியோ இழுவை குறைந்தது பற்றியோ ஒரு வரி இருக்காது. வண்டியைக் கொடுக்கும் அவசரத்தில் நாமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். உங்களுடையதும் அப்படி இருந்தால் மனம் தளர வேண்டாம். சர்வீஸுக்கு நேரம் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, விளக்கு எரிவதைப் படமெடுத்த புகைப்படம், பேசிய அழைப்புகளின் பட்டியல் என எல்லாவற்றையும் தேதிவாரியாகத் திரட்டுங்கள். பிறகு மூன்று வருகைகளின் தேதியையும் அன்றைய ஓடோமீட்டர் அளவையும் சொன்ன குறையையும் எழுதி, டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். வாரண்டி உயிரோடு இருக்கும்போதே அந்த மின்னஞ்சல் போயிருக்க வேண்டும்.

விளக்கு ஏன் அணைந்து அணைந்து எரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எதிர்த்தரப்பின் வாதத்தைச் சந்திக்க முடியும். விளக்கு எரியும்போது, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி ஒரு பிழைக் குறியீட்டைப் பதிந்துவைக்கிறது. என்ஜின் அந்த நொடியில் எத்தனை சுற்றில் ஓடியது, வண்டியின் வேகம், குளிரூட்டும் நீரின் வெப்பம், என்ஜின் மீதிருந்த சுமை ஆகியவற்றையும் சேர்த்துப் பதிகிறது. மெக்கானிக்குகள் இதை 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பார்கள். ஸ்கேன் கருவியில் ஒரு பொத்தானை அழுத்திக் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும். இந்தப் பதிவும் கூடவே போய்விடும். பழுது அப்படியே இருந்தால், அதே மேடும் அதே சுமையும் வரும்போது விளக்கு மறுபடி எரியும். பாகம் எதையும் மாற்றாமல், குழாய் எதையும் இறுக்காமல் மூன்று முறை வண்டி திரும்பி வந்திருக்கிறது என்றால், நடந்தது பழுதுபார்ப்பு அன்று. உங்கள் பக்கத்துச் சாட்சியம் மூன்று முறை அழிக்கப்பட்டிருக்கிறது. பில்களில் பாகத்தின் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வெறுமையே உங்களுக்குச் சாதகமான ஆவணம்.

பிழைக் குறியீடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. இழுவை குறையும் டர்போ கார்களில் அடிக்கடி வரும் குறியீடு பி0299. டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். காய்ச்சலைக் காட்டும் வெப்பமானி நோயின் பெயரைச் சொல்லாதது போலத்தான் இதுவும். டர்போவுக்கும் அதிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையே உள்ள குழாயில் சிறு விரிசல், தளர்ந்த கிளாம்ப், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வை இயக்கும் ஆக்சுவேட்டரின் கோளாறு, தவறாக அளக்கும் அழுத்த சென்சார் என எதுவாகவும் இருக்கலாம். உண்மையிலேயே டர்போவும் தேய்ந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறியச் சோதனைகள் இருக்கின்றன: குழாய்களில் புகை செலுத்திக் கசிவு தேடுவது, கணினி கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஓட்டத்தில் ஒப்பிடுவது, ஆக்சுவேட்டரைத் தனியே இயக்கிப் பார்ப்பது. எந்தக் குறியீடு வந்தது, இவற்றில் எதைச் செய்தீர்கள், முடிவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 'டர்போ போய்விட்டது' என்பது வாய்ச்சொல்லாக இருக்கும்வரை அதற்குச் சட்ட மதிப்பு இல்லை.

ஸ்கேன் அறிக்கையைத் தர மறுப்பதை நான் மிகக் கடுமையாகப் பார்க்கிறேன். சட்டத்தின் 2(11) பிரிவு சேவைக் குறைபாட்டை வரையறுக்கும்போது, நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. உங்கள் காரில் எடுத்த அறிக்கை அது. அதை மறுத்தார்கள் என்பதைப் புகாரில் தனிப் பத்தியாகவே எழுதுங்கள். இதற்கிடையே, நீங்கள் நம்பும் ஒரு மெக்கானிக்கிடம் குறியீட்டைப் படிக்க மட்டும் சொல்லி, ஓடோமீட்டர் அளவோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறியீடு அழிக்கப்பட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பல கார்களின் கணினி காட்டும். சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டியை எடுத்த நாளோடு அந்தக் கணக்கு பொருந்தினால், அழித்தது யார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் எக்காரணம் கொண்டும் நீங்கள் குறியீட்டை அழிக்கக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றவும் கூடாது. படங்களையும் செய்திகளையும் தாக்கல் செய்யும்போது, இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியம், 63ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணங்களுக்குத் தர வேண்டிய சான்றிதழை இணைப்பது பாதுகாப்பானது.

இனி ஆயில் விவகாரம். அவர்களுடைய வாதத்தை முற்றிலும் வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கும் பேரிங் மெல்லிய ஆயில் படலத்தின் மீதே மிதக்கிறது. கெட்டுப்போன ஆயில் அந்தப் பேரிங்கைத் தின்றுவிடும். ஆனால் அப்படி நடந்திருந்தால் அடையாளம் இருக்கும்: சூட்டில் நிறம் மாறிய தண்டு, கையால் அசைத்தால் ஆடும் தளர்வு, பேரிங்கில் கீறல், ஆயில் வரும் குழாயில் கசடு. இவற்றைப் படத்தோடு காட்டச் சொல்லுங்கள். கெட்டது ஆக்சுவேட்டரோ குழாயோ என்றால் ஆயிலுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்றையும் உடனே பாருங்கள்: விளக்கு முதன்முதலில் எரிந்தது எப்போது, தாமதமாக ஆயில் மாற்றியது எப்போது? விளக்கு முந்தியது என்றால் அவர்களுடைய வாதம் அங்கேயே சரிந்துவிடும். தாமதம் முந்தியது என்றால், எத்தனை கிலோமீட்டர் தாமதம், கையேட்டில் சொன்ன தரத்திலான ஆயில்தானா என்பதை வெளிக்கடை பில்லைக் கொண்டு காட்ட வேண்டியிருக்கும். அந்த பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

'வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி ரத்து' என்ற ஒட்டுமொத்த நிபந்தனையை, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக வழங்கிய உத்தரவில் ஏற்கவில்லை. வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் ஏற்பட்டதோ அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்று அது சொன்னது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது. அதனால் அதை மட்டும் நம்பி வழக்கைக் கட்ட வேண்டாம். ஆனால் அதன் தர்க்கம் நுகர்வோர் ஆணையத்திலும் எடுபடும். பழுது இருக்கிறது, அதை உரிய காலத்தில் சொன்னேன் என்று நீங்கள் காட்டிவிட்டால், உங்கள் ஆயில்தான் அதற்குக் காரணம் என்று நிறுவும் பொறுப்பு அதைச் சொல்பவர்களுடையது என்று வாதிடுங்கள்.

பணம் கட்டலாமா? கார் இல்லாமல் சமாளிக்க முடியுமானால், டர்போவைக் கழற்ற இப்போதைக்கு அனுமதி கொடுக்காதீர்கள். கழற்றிய பாகம் காணாமல் போய்விட்டால் பரிசோதிக்க ஒன்றும் இருக்காது. கார் இன்றியமையாதது என்றால், 'வாரண்டியின் கீழ் இலவசமாகச் செய்ய வேண்டிய வேலை இது. என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையுடன் இத்தொகையைச் செலுத்துகிறேன்' என்று முதலில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். பழைய டர்போ உங்கள் எதிரில் கழற்றப்பட வேண்டும், அதன் எண்ணைப் படமெடுக்க வேண்டும், அதை உங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். முழுத் திருப்தி என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

புதிய கார் பற்றி உங்களுக்கு வீண் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டுமே வாரண்டி சொன்னால், முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான 2006ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உற்பத்தியிலேயே உள்ள, சரிசெய்ய முடியாத குறை என்று சுயேச்சையான நிபுணர் கண்டறிந்தால் நிலைமை மாறும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி பொருளை மாற்றவோ விலையைத் திருப்பித் தரவோ உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே புகாரில் முதன்மைக் கோரிக்கையாக, கட்டணமின்றி முழுமையாகப் பழுதுநீக்கித் தருவதையும், கட்டியிருந்தால் அத்தொகையை வட்டியோடு திருப்புவதையும், அலைச்சலுக்கான இழப்பீட்டையும் கேளுங்கள். மாற்றுக் காரையும் விலையைத் திருப்புவதையும் மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். 38(2)(c) பிரிவின்படி தகுதியான ஆய்வகத்தின் பரிசோதனைக்கு அனுப்பக் கோரும் மனுவையும் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அந்தச் செலவை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம்; தயங்காதீர்கள், இத்தகைய வழக்கில் நிபுணர் அறிக்கையே பாதி வெற்றி.

காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய 34ஆவது பிரிவு இடம் தருகிறது. கட்டணம் 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000. வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனால் 15 நாள் கெடு வைத்து ஒன்று அனுப்புவது நல்லது. டீலர், தயாரிப்பு நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மீது பழியைத் தள்ளிவிடுவார். புகாரில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற தலைப்பைத் தொடாதீர்கள். அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கே உண்டு, மாவட்டத்தில் அந்தச் சொல்லைப் பிடித்தே ஆட்சேபணை எழுப்புவார்கள். சேவைக் குறைபாடு, பொருளின் குறை, நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகியவை போதும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதைத் தாண்ட முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வே சொல்லியிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதும் பயன் தரும். வழக்கு இல்லாமலேயே சில நிறுவனங்கள் இறங்கிவருவது உண்டு.

வண்டியை ஓட்டும் விஷயத்தில் கவனம் தேவை. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சென்று காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி என்ற பாகம் சேதமாகும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இழுவை வண்டியை அழையுங்கள். பழுது தெரிந்தும் ஓட்டிக் கெடுத்தார் என்ற வாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஆணையம் உங்களைச் சமரசத்துக்கு அனுப்ப முன்வந்தால் மறுக்காதீர்கள். இலவசமாக டர்போ மாற்றித் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால், புதிய பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி, மூலகாரணத்தைக் கண்டறிந்த சோதனை அறிக்கை, அதே குறியீடு மறுபடி வந்தால் யார் பொறுப்பு ஆகிய மூன்றும் சமரசப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.