லெக்டின் மாத்திரை வாங்கலாமா, ராஜ்மாவ நிறுத்தணுமா?

கேள்வி: லெக்டின் குடல அரிச்சிடும், பயறு வகையெல்லாம் விட்ருங்கன்னு ஒரு வீடியோல சொல்றாங்க. இன்னொரு எடத்துல லெக்டின்தான் குடல காப்பாத்துதுன்னு படிச்சேன். எத நம்புறது டாக்டர்? சப்ளிமெண்ட் எடுக்கலாமா?

பதில்: ரெண்டுமே லெக்டின்தாங்க, ஆனா ஒரே ஆள் இல்ல. சர்க்கரை மூலக்கூற புடிச்சிக்கிற புரோட்டீன் எதுவா இருந்தாலும் அதுக்கு லெக்டின்னுதான் பேரு, செடிலயும் இருக்கும் நம்ம உடம்புலயும் இருக்கும், எந்த சர்க்கரைய புடிக்குதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

நம்ம குடல் செல்லுங்க தானே சுரக்குற ஒண்ணு ரெக்3ஆல்ஃபா. சில பாக்டீரியாவோட சுவர்ல இருக்கிற பெப்டிடோகிளைக்கான்ங்கற சர்க்கரை கலந்த பொருள்ல போய் ஒட்டி, உள்ள இருக்கிற சவ்வுல ஓட்டை போட்டு கொன்னுடும். எலில இதுக்கு சமமானது ரெக்3காமா, 2011ல லோரா ஹூப்பர்ங்கற அமெரிக்க விஞ்ஞானியோட குழு அந்த புரோட்டீன் இல்லாத எலிய வச்சு பாத்தாங்க, சிறுகுடல்ல சாதாரணமா செல்லுக்கும் பாக்டீரியா கூட்டத்துக்கும் நடுவுல சுமார் 50 மைக்ரோமீட்டர் காலியா இருக்கும்ல, அந்த இடைவெளி இல்லாம பாக்டீரியா வந்து செல்லு மேலயே உக்காந்துக்குச்சு. பெருங்குடல்ல இசட்ஜி16னு ஒண்ணு, அது கொல்லாது, பாக்டீரியாவ கட்டி கட்டியா சேத்து மியூக்கஸுக்கு, அதாவது குடல் உள்சுவர மூடியிருக்கிற வழவழப்பான படலத்துக்கு, வெளிய தள்ளி வைக்கும். நம்ம குடல்ல இருக்கிற இன்னொரு லெக்டின் இன்டெலெக்டின்-1, அது இன்னும் கெட்டிக்காரத்தனமானது, கிருமிங்க மேல இருக்கிற சர்க்கரைய புடிக்கும், நம்ம செல்லு சர்க்கரைய தொடாது.

ராஜ்மா லெக்டின் அப்படி பாக்கறதில்ல, நம்ம குடல் செல்லு மேலயே ஒட்டும். வேகாத கொட்டை நாலஞ்சு போதும், சில மணி நேரத்துல வாந்தி பேதி. ஆனா அஞ்சு மணி நேரமாவது ஊற வச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு, புது தண்ணில 30 நிமிஷம் நல்லா கொதிக்க விட்டா அது செயலிழந்துடும். ஸ்லோ குக்கர் மட்டும் வேணாம், சூடு பத்தாது. அதனால பயற நிறுத்த ஒரு அவசியமும் இல்ல, நிறுத்துனா நஷ்டம்தான், ஏன்னா ஃபைபர் கிடைக்கலன்னா குடல் பாக்டீரியா மியூக்கஸையே தின்ன ஆரம்பிக்குதுன்னு எலி ஆய்வுல தெளிவா பாத்திருக்காங்க.

சப்ளிமெண்ட் வேணாம். குடல காப்பாத்துற இந்த லெக்டின் புரோட்டீனுங்க செல்லு பக்கத்துலயே சுரக்கணும், அதுக்கான சிக்னல குடுக்கறதும் அங்க இருக்கிற பாக்டீரியாதான். எலிக்கு ஆன்டிபயாடிக் குடுத்தா ரெக்3காமா சரசரன்னு குறையுது, அதனால சாதாரண ஜலதோஷத்துக்கெல்லாம் நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கி போடாதீங்க.

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, வாரக்கணக்குல பேதி, இதெல்லாம் இருந்தா டயட்ட மாத்தி பாத்துட்டு இருக்காம நேரா ஒரு குடல் டாக்டர பாருங்க.